நாலு மைக்ரான்

வெயில் காலத்தில் மெழுகு சொன்ன பேச்சைக் கேட்காது. பத்தரை மணிக்கு மேல் குழைந்துபோய்ப் பிளேடோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அவள் எட்டரைக்கே வந்து, ஐஸ் தட்டை நிரப்பி, அன்றைக்கு வெட்ட வேண்டிய மெழுகு வில்லைகளை அதன்மேல் முகம் கவிழ்த்து வரிசையாக வைத்துவிடுவாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், மருந்துக் கிடங்குக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே இருந்தது அந்த ஆய்வுக்கூடம். ஜன்னல் ஒன்றுதான். அதையும் காற்று வந்தால் ஏடு பறந்துவிடும் என்று சாத்தியே வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு வில்லைக்குள்ளும் யாரோ ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கு உறைந்திருக்கும். வில்லையை மெஷினில் மாட்டி வலது கையால் சக்கரத்தைச் சுற்றினால் அது ஏறி இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிளேடு ஓர் ஏடு சீவும். பால்மேல் படியும் ஆடையை விட மெல்லிசு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அவர்கள் வெட்டுவது நாலு மைக்ரான். ஏடுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நாடா மாதிரி இறங்கிவரும். அதை ஈரத் தூரிகையால் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் அடியில் கண்ணாடி ஸ்லைடைக் கொடுத்துத் தூக்க வேண்டும். அதைத்தான் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வார். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. டாக்டர்கள் முதல் கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் 'மெழுகக்கா'.

மெழுகக்கா வெட்டினால் முழு முகம் என்று பேர். துணுக்கு மெழுகுக்குள் கோணலாகப் படுத்திருந்தால், மற்றவர்கள் பாதி தெரிந்ததும் ஏடு எடுத்துவிடுவார்கள். அவள் விடமாட்டாள். இன்னும் நாலு சுற்று, இன்னும் பத்து சுற்று என்று சீவித் தள்ளி, துணுக்கு தலை முதல் கால் வரை முழுசாகத் தெரிந்த பிறகுதான் ஸ்லைடில் ஏற்றுவாள். "பார்க்க லட்சணமா இருக்கணும்ல?" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை சேமிப்பறையிலிருந்து ஒரு பழைய வில்லை திரும்பி வந்திருந்தது. ஊசி போட்டு எடுத்த கல்லீரல் துணுக்கு. தையல் நூல் அளவு கனம், நகத்தளவு நீளம். கூட ஒரு சீட்டு: 'மறுபடி வெட்ட வேண்டும். செல் பிரியும் புரதச் சோதனை. மூன்று ஏடு.' வெட்டும் மேசைக்குப் பெயர்கள் வராது, எண் மட்டும்தான். எண்ணைப் பார்த்தாள். போன வாரம் வீட்டில் ஒரு பைலில் பார்த்த அதே எண். அவள் புருஷனுடையது.

வில்லையின் ஓரத்தில் வெட்டியவரின் குறி இருந்தது. அது அவளுடைய கையெழுத்து.

வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மெழுகுக்குள் நூல் இருந்த இடத்தில் நூலின் நிழல்தான் மிச்சம் இருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால், முப்பத்தைந்து வில்லை குவிந்திருந்த ஒரு நாளில், இது சாய்ந்து படுத்திருந்ததும், லட்சணத்துக்காகச் சீவிச் சீவித் தள்ளியதும், தரையில் கிடந்த மெழுகுச் சுருளைக் கூட்டிக் குப்பையில் போட்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் எதிர் மேசைக்காரன். அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் என்பதால் அவனுக்கு 'பிளேடு' என்று பேர் வைத்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல. இத ஐஸ்ல வெக்காத. பிரிட்ஜ்ல வை," என்று வில்லையை அவன் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அவள் புருஷன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி, நேரம் ஆனதும் அனுப்பிவைக்கும் உத்தியோகம். ஊருக்கே அவரை 'டைம்' என்றால்தான் தெரியும். இருபது வயசில் வந்த மஞ்சள் காமாலை போன மாதிரி போய், உள்ளேயே உட்கார்ந்து கல்லீரலைக் கல்லாக்கிவிட்டது. ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. ஆனால் கல்லீரல் என்றதும் டிரைவர்கள் எல்லாம், "நம்மகிட்ட சொல்லாம தனியா அடிச்சிருக்கார்டா தலைவர்," என்று கேலி பண்ணினார்கள். "கெட்ட பேரு வந்தாச்சு. குடிச்சிருந்தாலாவது லாபம்," என்று அவரும் சிரித்தார்.

அந்தக் கல்லுக்குள் எலுமிச்சங்காய் அளவு ஒரு கட்டி. கத்தி வைத்தால் மிச்ச ஈரல் தாங்காது. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்தபோதே உள்ளே ரத்தம் கசிந்து இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். இன்னொரு ஊசி கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஆய்வுக்கூடத்துப் பெரிய டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"கல்லீரல் செல்லுங்க சாதாரணமா சோம்பேறிங்க. பிரியாம வருஷக்கணக்கா தன் வேலையப் பாத்துட்டுக் கிடக்கும். அடிபட்டாதான் ஒண்ணு ரெண்டாப் பிரியும். பிரியறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற குறிப்பையெல்லாம் நகல் எடுக்கணும். ரெண்டு பக்கமும் கயிறு கட்டணும். எல்லாம் கட்டியாச்சான்னு சரி பாத்துட்டுத்தான் இழுக்கணும். நகல் எடுக்க, கட்ட, காவல் நிக்க, இழுக்கன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் புரதம். வேலை முடிஞ்சதும் அதுங்கள செல்லே கலைச்சிடும். இந்தப் புற்றுல பல பேருக்கு அதுங்க கலையறதில்ல. அளவுக்கு மேல குவிஞ்சு நின்னுக்கிட்டு, கட்டி முடிக்கறதுக்குள்ள இழு இழுன்னு அவசரப்படுத்தும்."

டைம் யோசித்தார். "அதாவது டாக்டரம்மா, பாசஞ்சர் படியில கால வெக்கறதுக்குள்ள கண்டக்டர் விசில் ஊதிடறான்."

"அதேதான்."

"பாதிப் பேரு வண்டியில, பாதிப் பேரு ரோட்டுல."

"ஆமா. அப்படிக் கிளம்பின செல்லுல பாதி வழியிலேயே செத்துரும். சாகாம தப்பிக்கிறது இருக்கு பாருங்க, அது எதுக்கும் அடங்காது. கட்டிய வளக்கறது அதுங்கதான்."

"அந்தக் கண்டக்டர் லைசென்ஸப் புடுங்க வழி இருக்கா?"

வழி இரண்டு இருந்தது. தொடையில் ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழலைக் கட்டி வரைக்கும் அனுப்பி, அங்கேயே மருந்தை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பது ஒன்று. பழகிய வழி, ஆனால் வேகமாகப் பிரிகிற கட்டிக்கு அது மட்டும் போதாமல் போகலாம். மற்றது புது மருந்து. இழுக்கச் சொல்லும் புரதம் ஒன்றின் கையைக் கட்டும் மருந்து, இன்னும் சோதனையில் இருப்பது. அந்தச் சோதனைக்காரர்கள் எல்லாரையும் சேர்க்கமாட்டார்கள். நூறு செல்லில் குறைந்தது இருபது பிரிகிற நிலையில் இருக்க வேண்டும். பிரிகிற செல்லின் உட்கரு சாயத்தில் பழுப்பாகும். சும்மா கிடப்பது நீலமாகவே இருக்கும். எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். எண்ணுவதற்கு மூன்று ஏடு வேண்டும். அதற்குத்தான் வில்லை திரும்பி வந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றதும் மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்ட மனுஷி. காலில் நீர் கோக்கிறது, உப்பே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கும் உப்புக்கும் சண்டை. உப்பு ஜாடியை மேல் தட்டில் துணிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள்.

"அக்கா, இது கஞ்சியா, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?" என்றார் டைம், கரண்டியைத் தூக்கிப் பார்த்து.

"முழுங்குடா. நானும்தான் குடிக்கிறேன். எனக்கென்ன தலையெழுத்தா?"

மெழுகக்கா தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கை சோற்றில் வைத்தபடியே நின்றது. மறைத்தால் ராத்திரிக்குள் நெஞ்சு வெடித்துவிடும் என்று தோன்றியது. ஒன்றையும் விடாமல் சொன்னாள். எண்ணைப் பார்த்தது, குறி தன்னுடையது, முழு முகத்துக்காகச் சீவித் தள்ளியது, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று வெட்டிப் பார்க்காமல் தெரியாது என்பது.

நாத்தனார் கரண்டியை டங்கென்று வைத்தாள். "ஏன்டி, கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டா பண்ணினே? ஊரான் உடம்புன்னா இப்படித்தான் சீவித் தள்ளுவியா? யாருதா இருந்தா என்ன, இத்துனூண்டுதான் இருக்குன்னு தெரியாது?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அவள் காலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. "தெரியும் அண்ணி. தெரிஞ்சும் பண்ணினேன்."

"அக்கா, நீ சும்மா இரு," என்றார் டைம். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் நல்லா வந்திருந்தேனா?" என்று கேட்டார்.

"என்னது?"

"உன் மெஷின்ல. முழு முகம் வந்துச்சான்னு கேட்டேன்."

"வந்துச்சு."

"அப்ப சரி. நம்ம கல்யாண போட்டோவுல கூட எனக்குப் பாதி முகம்தான். உங்க சித்தப்பா முன்னாடி வந்து நின்னுட்டாரு."

நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மெழுகக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு அத நானே வெட்டப் போறேன்," என்றாள்.

"விடுவாங்களா?"

"கேப்பேன்."

ஆய்வுக்கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: சொந்தக்காரர் வில்லையைச் சொந்தக்காரர் தொடக்கூடாது. டாக்டரம்மா மறுநாள் காலையில் அதைத்தான் சொன்னார்.

"கை நடுங்கும்மா. பிளேடு வெட்டட்டும். அவனும் நல்லாத்தான வெட்டறான்."

"நல்லாத்தான் வெட்டறான் டாக்டர். ஆனா மெஷின்ல இருந்து எடுத்த வில்லைய மறுபடி மாட்டினா பழைய சாய்வுல உக்காராது. நேராக்கறதுக்கே ஏழெட்டு ஏடு வீணாப் போகும். போன தடவ என் மெஷின்ல, என் கையால மாட்டினது. எந்தத் திருகு எவ்ளோ சாஞ்சிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"நடுங்கினா?"

"எந்திரிச்சுடுவேன். அவன் பக்கத்துலயே நிக்கட்டும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. எண்றது நான். வேற ஊர் டாக்டர் ஒருத்தரும் தனியா எண்ணுவாரு. ரெண்டு பேருகிட்டயும் எண்ணி முடிக்கற வரைக்கும் நீ பேசக் கூடாது."

"பேசமாட்டேன்."

ஒன்பது மணி. மின்விசிறியை நிறுத்தினார்கள். புதுப் பிளேடு மாட்டினாள். வில்லையைப் பிடியில் வைத்து, கண்ணைப் பிளேடின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வில்லைக்கும் பிளேடுக்கும் இடையே தெரிந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் திருகினாள். கோடு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தது. கால் திருகு. இன்னும் அரைக்கால். கோடு சமமாயிற்று.

பிளேடு தூரிகையோடு பக்கத்தில் நின்றான். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாத."

"சொல்லு."

"நாலுல வெட்டாத. ஆறுல வை."

அவளுக்குப் புரிந்தது. ஏடு தடித்தால் ஒன்றுக்குமேல் ஒன்றாகச் செல்கள் அடுக்கி நிற்கும். சாயமும் கெட்டியாகப் பிடிக்கும். வெளிறிய பழுப்பும் நல்ல பழுப்பாகத் தெரியும். எண்ணிக்கை ஏறும். ஸ்லைடைப் பார்த்து ஆறா நாலா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. வெட்டியவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ரெண்டு கோடு திருகினா போதும்," என்றான். "ஊர ஏமாத்தவா சொல்றேன்? அண்ணனுக்கு ஒரு வழி கிடைக்கட்டுமேன்னுதான்."

நேற்று ராத்திரி முழுக்க அவளும் எண்ணிக்கை ஏற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டினவன் வயிற்றில் இருக்கும் புற்று வேகமாகப் பிரிய வேண்டும், இருபதைத் தாண்ட வேண்டும் என்று வேண்டியது உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தோன்றி, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி அதையே வேண்டிக்கொண்டாள். அளவுத் திருகு கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. விரல் அதன்மேல் போயும்விட்டது. திருகின் பல் விரலில் உறுத்தியது.

"அந்த மருந்து பிரியற செல்லுக்கெல்லாம் கையக் கட்டும்," என்றாள். "வாயில, குடல்ல, ரத்தத்துல, எல்லா இடத்துலயும் செல்லு பிரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. கட்டியில பிரியறது ஜாஸ்தின்னாதான் அத எடுத்துக்கறதுல அர்த்தம். நான் பொய்யா இருபதுன்னு காட்டினா, மருந்து கட்டிய விட்டுட்டு இவரத்தான் உருக்கும்."

"அது ஒருவேளைதானக்கா."

"இந்த ஒருவேளைய நான் அவர் உடம்புல வெச்சுப் பாக்கமாட்டேன். ஐஸ் குடு."

விரலைத் திருகிலிருந்து எடுத்தாள். அளவு நாலில் நின்றது. ஐஸை வில்லையில் ஒரு கணம் ஒற்றி, வாயருகே கொண்டுபோய் மெதுவாக ஊதினாள். மெழுகு சற்று இளகிக் கொடுக்க அந்த ஊதல் வேண்டும். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். வெறும் மெழுகு. இரண்டு. வெறும் மெழுகு. மூன்றாவது ஏட்டில் எள் மாதிரி ஒரு புள்ளி. நாலில் கொஞ்சம் நீண்டது. ஐந்தில் பாதி நூல் தெளிவாகத் தெரிந்தது.

கை தானாக அடுத்த சுற்றுக்குப் போனது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நிறுத்தினாள்.

"இங்கேர்ந்து எடு."

"பாதிதானக்கா வந்திருக்கு?"

"பாதி போதும். எண்றதுக்குச் செல்லு இருந்தாச் சரி. எடு."

பிளேடு தூரிகையை நீட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஏடும் நாடாவாக இறங்கி வெந்நீரில் விரிந்தன. ஸ்லைடில் தூக்கினாள். நாலாவது சுற்று சுற்றவில்லை. வில்லையைக் கழற்றி, வெட்டிய முகத்தின்மேல் உருகிய மெழுகை ஒரு பூச்சுப் பூசி மூடி, பிரிட்ஜில் வைத்தாள். அதற்கப்புறம்தான் முக்காலியில் உட்கார்ந்தாள்.

சாயம் ஏற ஒரு நாள். எண்ண ஒரு நாள். அந்த இரண்டு நாளும் அவள் மற்றவர்களுடைய வில்லைகளை வெட்டினாள். ஊசித் துணுக்கு வந்தால் பாதியில் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"எனக்குப் பதினெட்டு வந்துச்சு. அவருக்குப் பதினாறு. பதினேழுன்னு எழுதறோம்."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்த மருந்து..."

"சேத்துக்கமாட்டாங்க. பேசிப் பாத்தேன், இருபதுன்னா இருபதுதான்னுட்டாங்க. இது ரொம்ப வேகமும் இல்ல, சாதுவும் இல்ல. குழல் வழியா போற வைத்தியத்துக்கு இப்பவே போயிடணும். தள்ளிப்போட்டா கட்டி முந்திக்கும். வியாழக்கிழமை படுக்கை இருக்கு, கேட்டு வெச்சிருக்கேன்."

வெளியே வந்தபோது பிளேடு தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். பதினேழு என்று கேட்டதும் குழாயை மூடினான். "மூணுதானக்கா. ஆறுல வெட்டியிருந்தா தாண்டியிருக்கும்."

"தாண்டியிருக்கும்," என்றாள். அவன் குழாயைத் திறந்து அடுத்த தட்டைக் கழுவ ஆரம்பித்தான்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. டைம் கீப்பர் அறை என்பது தகரக் கூரைக்கு அடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மைக். கால் வீக்கத்துக்காக அவர் வலது காலை ஒரு டயர்மேல் தூக்கிவைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"எத்தன?"

"பதினேழு."

"பாஸ் மார்க்கு?"

"இருபது."

"மூணுல போச்சா? பள்ளிக்கூடத்துலயும் கணக்குல எனக்கு இதே கதைதான்."

அவள் சிரிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிளேடு சொன்னதையும், திருகில் விரல் வைத்ததையும், எடுத்ததையும் சொன்னாள். "திருகியிருந்தா கிடைச்சிருக்கும். நான்தான் திருகல. மொதல்ல வீணாக்கினதும் நான், இப்ப விட்டதும் நான். கோவம்னா என்னைத் திட்டிடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கி, ஆட்கள் ஏறினார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்டக்டர் ஜன்னலில் எட்டிப்பார்த்து, "டைம், எழுதலியா?" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

"திருகியிருந்தா, உள்ள இருக்கறது மாறியிருக்குமா?" என்றார் எழுதிக்கொண்டே.

"மாறாது."

"அப்ப பதினேழையே வெச்சுக்கிட்டு ஆக வேண்டியதப் பாப்போம். என்ன செய்யச் சொல்றாங்க?"

"வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்குப் படுக்கணும். தொடையில குழல் போடுவாங்க. ஒரு தடவையில முடியாது, மூணு நாலு தடவ போகணும். ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் வரும், வாந்தி வரும்."

"உப்பு?"

"கிடையாது."

"அத மொதல்ல சொல்லியிருக்கணும்," என்றார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "பயமாத்தான் இருக்கு எனக்கு. வெளிய சொல்லலன்னா பயம் இல்லன்னு நெனக்காத."

"எனக்கும்தான்," என்று அவர் கைமேல் கையை வைத்தாள். கை சூடாக இருந்தது. "ஒரு விஷயம். வில்லையில இன்னும் மிச்சம் இருக்கு. நாலுல வெட்டினதால, பாதியில நிறுத்தினதால. ஏழெட்டு ஏடு வரும்."

"அது எதுக்கு இனிமே?"

"இந்தப் புரதம் இல்லன்னா இன்னொண்ணு. கயிறு கட்டறது, காவல் நிக்கறதுன்னு எத்தனையோ இருக்குன்னாங்கல்ல. ஒவ்வொண்ணுக்கும் மருந்து தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. எவனாவது கேக்கறப்போ குடுக்க நம்மகிட்ட இருக்கணும். மூடி, எண் போட்டு, பிரிட்ஜ்ல பின்வரிசையில வெச்சிருக்கேன். என்னைக் கேக்காம யாரும் தொடக் கூடாதுன்னு சீட்டு ஒட்டியிருக்கேன்."

"சொந்தக்காரங்க தொடக் கூடாதுன்னு சட்டமாச்சே?"

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். அத வெட்டறது நான்தான்னு."

அவர் தலையை ஆட்டினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து விடுப்புத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். எழுது. வியாழக்கிழமையிலேர்ந்து."

"எத்தன நாளைக்கு?"

"நாளப் போடாத. திரும்பி வர்ற வரைக்கும்னு எழுது."

அவள் பேனாவை வாங்கி எழுத ஆரம்பித்தாள்.